இரவில் அடப்பலீன், காலையில் பென்சாயில் பெராக்சைடு: முகம் எரிந்து தோல் உரிகிறது, நிறுத்திவிடலாமா?

கயல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 21. நெற்றியிலும் இரு கன்னங்களிலும் சில ஆண்டுகளாகவே பரு உள்ளது. பெரும்பாலும் சிறிய வெண்புள்ளிகளும் கரும்புள்ளிகளும்தான். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மட்டும் சிவந்து சீழ் கோத்த பருக்களும் சேர்ந்துகொள்ளும். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இரவில் பூச 0.1 சதவீத அடப்பலீன் ஜெல்லும் காலையில் பூச 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

இப்போது மூன்றாவது வாரம். மூக்கின் ஓரங்களிலும் வாயைச் சுற்றியும் தோல் உரிகிறது. வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது. அதைவிடக் கவலை தருவது, கன்னத்தில் புதிதாகச் சில பருக்கள் கிளம்பியிருப்பது. எண்ணெய் வழியும் முகம் என்பதால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுகிறேன். ஜெல்லைப் பரு உள்ள இடங்களில் மட்டும் சற்றுத் தாராளமாகவே பூசுகிறேன். எண்ணெய்ப் பசை கூடிவிடும் என்று மாய்ச்சரைசர் எதுவும் பூசுவதில்லை.

இந்த எரிச்சல் மருந்தின் இயல்பா, ஒவ்வாமையா? உறவினர் ஒருவர் தம்மிடமிருந்த க்ரீம் ஒன்றைக் கொடுத்து, இதைப் பூசினால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடும் என்கிறார். அதன் மேல் மொமெட்டசோன் என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பூசலாமா? இன்னொன்று, என் அக்காவுக்கும் தாடையில் பரு உண்டு. என் அடப்பலீனையே தானும் பூசிப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார். அவர் விரைவில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பதால், கொடுப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


மருந்தாளுநர் இளவேனில் எழுதியது:

வணக்கம் கயல். நான் மருந்தாளுநர், உங்கள் முகத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். அவசரமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு அந்த ஜெல்லைக் கொடுக்காதீர்கள். அடப்பலீன், வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு வகை மருந்து. தோல் வழியாக இரத்தத்தில் கலப்பது மிகச் சிறிதளவே என்றாலும், இந்த வகையைச் சேர்ந்த மாத்திரைகள் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. ஆகவே, பூசும் வடிவத்தையும் கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2018-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அவருடைய நிலைக்கு அசெலாயிக் அமிலம் போன்ற மாற்றுகள் உண்டு. அவற்றை அவரே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கட்டும்.

மொமெட்டசோன் க்ரீமையும் உறவினரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும் என்று அவர் சொல்வது உண்மைதான். அதனால்தான் அது ஆபத்தானது. முகம் தெளிந்துவிட்டது என்ற எண்ணத்தில் தொடர்ந்து பூசுவோம். சில வாரங்களில் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், ஸ்டீராய்டே புதிதாகப் பருவைக் கிளப்பும், நிறுத்தினாலோ முன்பைவிடக் கடுமையாகச் சிவந்து எரியும். மருத்துவர் வேறொரு நோய்க்காகக் குறுகிய காலத்துக்கு எழுதித்தந்தால் மட்டுமே ஸ்டீராய்டு முகத்துக்குச் செல்லலாம். பருவுக்கு அது மருந்தே இல்லை.

இனி எரிச்சல். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று. மருந்தின் அளவும் கழுவும் எண்ணிக்கையும் சேர்ந்து தோலின் மேற்காப்பைச் சிதைத்ததன் விளைவு. அடப்பலீன் தொடங்கிய முதல் சில வாரங்களில் வறட்சி, சிவப்பு, உரிதல் ஆகியவை வருவது வழக்கம். தோல் பழகிய பிறகு குறைந்துவிடும். ஒவ்வாமையின் முகம் வேறு. கண்ணிமை, உதடு, நாக்கு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு எழுதல், தொண்டை இறுகுதல், மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஜெல்லைக் கழுவிவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். பென்சாயில் பெராக்சைடோ சாலிசிலிக் அமிலமோ கலந்த, கடையில் நேரடியாகக் கிடைக்கும் பரு மருந்துகளால் அரிதாக இத்தகைய கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்து, முதன்முறை பயன்படுத்துவோர் பாதிக்கப்பட்ட ஓரிரு சிறிய இடங்களில் மட்டும் மூன்று நாட்கள் பூசிப் பார்க்குமாறு பரிந்துரைத்தது. இதைப் படிக்கும் மற்றவர்களும் இந்த மூன்று நாள் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

தண்ணீர் பட்டாலே எரியும் அளவுக்குத் தோல் புண்பட்டிருப்பதால், இரண்டு ஜெல்களையும் சில நாட்கள் நிறுத்திவையுங்கள். அந்த நாட்களில் மென்மையான, மணம் சேர்க்காத ஃபேஸ் வாஷால் காலையும் இரவும் மட்டும் கழுவி, மாய்ச்சரைசர் பூசினால் போதும். எரிச்சல் முழுவதும் அடங்கிய பிறகு அடப்பலீனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்து, மெல்ல ஒவ்வோர் இரவுக்கும் கொண்டுசெல்லலாம். எரிச்சல் ஒரு வாரத்துக்குள் அடங்காவிட்டால், மூன்று மாதம் வரை காத்திராமல் மருத்துவரைத் தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள்.

பூசும் முறையில்தான் முக்கியமான மாற்றம் தேவை. பரு நம் கண்ணுக்குத் தெரியும்போது அதன் வயது சில வாரங்கள் ஆகியிருக்கும். மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்வதும், அதன் பின்னால் எண்ணெய்ச் சுரப்பு தேங்குவதும், தேங்கிய இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் பாக்டீரியா பெருகி அழற்சி உண்டாவதும் தோலுக்குள்ளேயே நடந்து முடிந்த பிறகுதான் பரு வெளியே வருகிறது. அடப்பலீன் அந்த முதல் கட்டத்தில், அதாவது செல்கள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறது. ஆகவே வந்துவிட்ட பருவின் மேல் தடிமனாக வைப்பதால் அது விரைவில் வற்றாது; சுற்றியுள்ள தோல்தான் வெந்துபோகும். பரு வரக்கூடிய பகுதி முழுவதும், இப்போது பரு இல்லாமல் தெளிவாக இருக்கும் இடங்களிலும்கூட, மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதுமானது. கண்களைச் சுற்றியுள்ள பகுதி, உதடுகள், மூக்கின் ஓர மடிப்பு, வாயின் மூலைகள் ஆகியவற்றில் படக்கூடாது. உங்களுக்கு உரிந்திருக்கும் இடங்கள் இவற்றில் சிலவாகவே இருக்கின்றன.

இந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முகம் பளபளப்பதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிக் கழுவிக்கொண்டே இருப்பவர்கள் மிகப் பலர். எண்ணெயை நாள் முழுதும் கழுவி நீக்குவதால் பரு குறையாது, எரிச்சல்தான் ஏறும்.


தேன்மொழி எழுதியது:

இளவேனில் அவர்கள் சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஓரிடத்தைத் தவிர. எரிச்சல் அடங்கிய பிறகு இரண்டு ஜெல்களையும் ஒருசேரத் தொடங்காதீர்கள். அடப்பலீனை மட்டும் முதலில் தொடங்கி, தோல் அதற்கு நன்கு பழகிய பிறகு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெராக்சைடைச் சேர்ப்பது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால், மறுபடி எரியும்போது குற்றவாளி எது என்று தெரியாமல் இரண்டையுமே கைவிட நேரும். நான் அடப்பலீனை நெடுநாள் பயன்படுத்தி வருகிறேன். நான் கண்டவரையில், பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விட்டார்கள்.

நடைமுறையில் உதவும் சிலவற்றைச் சொல்கிறேன். இரவில் முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் முழுவதும் உலரும்வரை காத்திருங்கள். ஈரத் தோலில் பூசினால் மருந்து கூடுதலாக உள்ளிறங்கி எரியும். உங்களைப் போன்று எளிதில் எரியும் தோலுக்கு, முதலில் மெல்லிய மாய்ச்சரைசர், அது படிந்த பின் ஜெல், அதன் மேல் மறுபடி மாய்ச்சரைசர் என்று பூசும் முறை மிகவும் ஏற்றது. மருந்தின் வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் இடைவிடாமல் பூச முடியும் என்பதால் முடிவில் ஆதாயம் உங்களுக்கே. எண்ணெய்த் தோலுக்கு மாய்ச்சரைசர் கூடாது என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள். நுண்துளைகளை அடைக்காதது என்று உறையில் குறிப்பிட்டிருக்கும், நீர் போன்ற இலகுவான வகையைத் தேர்ந்தெடுத்தால் பிசுபிசுப்பு இராது.

காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். அடப்பலீன் பூசும் தோல் வெயிலில் எளிதில் சிவக்கும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதை முகத்துக்கும் கழுத்துக்கும் தாராளமாகப் பூச வேண்டும். வெளியில் நெடுநேரம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வெயில் இல்லாத நாட்களிலும் விட வேண்டாம்.

நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கருநிறத்தவரும் இதில் கூடுதல் அக்கறை கொள்ள வேண்டிய காரணம் ஒன்று உண்டு. பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கரும் தழும்பு நமக்கு எளிதில் வரும். பருவால் மட்டுமன்று, மருந்தின் எரிச்சலாலும் அதே கருமை வரும். வெயில் அதை மேலும் ஆழமாக்கும். ஆகவே எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரம் ஆகாது. பருவைக் கிள்ளுவதற்கும் இதே விதிதான்.

பருக்கள் புதிதாகக் கிளம்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளே உருவாகிக்கொண்டிருந்த அடைப்புகள் முதல் சில வாரங்களில் விரைந்து வெளிவருவதுண்டு. வழக்கமாகப் பரு வரும் இடங்களிலேயே வந்து, இரண்டாம் மாதத்தில் குறையத் தொடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். உங்கள் மருத்துவர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னதன் பொருள் அதுதான்.

மறக்கும் முன் இன்னொன்று: பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். அதைப் பூசும் காலத்தில் வெள்ளைத் துண்டையும் வெள்ளைத் தலையணை உறையையும் பயன்படுத்துங்கள். புருவத்திலும் முடியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடப்பலீன் பூசும் முகத்தில் வேக்சிங் செய்யவே கூடாது, தோல் மெழுகோடு சேர்ந்து பிய்ந்துவிடும்.


அருவி எழுதியது:

2.5 சதவீதம் மிகவும் மென்மையான அளவு. எனக்கு 10 சதவீத பெராக்சைடு பூசிய பிறகுதான் குறைந்தது. மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள் என்பது என் கருத்து.


மருந்தாளுநர் இளவேனில் எழுதியது:

அருவி, உங்களுக்குப் பயன் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் கயலின் இன்றைய நிலையில் அந்த யோசனை பொருந்தாது. 2.5, 5, 10 சதவீதங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், சிவந்த பருக்களைக் குறைப்பதில் மூன்றும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. எரிச்சல் மட்டும் 2.5 சதவீதத்தைவிட 10 சதவீதத்தில் கூடுதலாக இருந்தது. முகத்துக்குக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுத்த மருத்துவர் சரியாகவே செய்திருக்கிறார். தோல் தடித்த முதுகுக்கும் மார்புக்கும், பூசிச் சில நிமிடங்களில் கழுவிவிடும் வகையில், கூடிய சதவீதத்தைத் தருவதுண்டு.

தேன்மொழியின் திருத்தத்தை ஏற்கிறேன். ஒவ்வொன்றாகத் தொடங்குவதே மேல்.


கயல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவர் தனியாக மருத்துவரைப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு ஜெல்களையும் நிறுத்தி மாய்ச்சரைசர் மட்டும் பூசத் தொடங்கியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வீட்டில் முன்பு வாங்கிய கிளிண்டமைசின் ஜெல் இருக்கிறது, காலாவதி ஆகவில்லை. அது எரியாது என்கிறார்கள். பெராக்சைடுக்குப் பதிலாக அதை மட்டும் பூசலாமா? மேலும், நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஒட்டி, எல்லாம் ஒரே அளவில், அரிப்புள்ள சிறு பொரிகள் நெடுநாளாக இருக்கின்றன. அவையும் பருதானா?


மருத்துவர் நன்முல்லை எழுதியது:

வணக்கம். தோல் மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். மேலே உள்ள பதில்கள் பொறுப்போடு எழுதப்பட்டிருப்பதால், கடைசியாக எழுந்த ஐயங்களுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

கிளிண்டமைசினைத் தனியாகப் பூசாதீர்கள். அது பாக்டீரியாவைத் தாக்கும் நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்). தனியாகப் பூசும்போது, அதற்கு மசியும் பாக்டீரியாக்கள் மடிந்து, மசியாதவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. சில மாதங்களில் அந்த மருந்துக்குப் பயனில்லாமல் போகும். பென்சாயில் பெராக்சைடு வேறு வழியில் கொல்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தையே விரும்பும் இந்தப் பாக்டீரியா, பெராக்சைடு சிதைவதால் உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜனைத் தாங்க முடியாமல் அழிகிறது. இதை எதிர்க்கும் ஆற்றலை அது பெற்றதாக இதுவரை அறியப்படவில்லை. கிளிண்டமைசினை எழுதித்தரும்போது பெராக்சைடையும் உடன் சேர்த்து, மூன்று மாத அளவில் நிறுத்திவிடும் வழக்கம் இதனால் வந்தது. எரியாத மருந்து என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய ஜெல்லை எடுக்க வேண்டாம். எரிச்சலைக் குறைப்பதற்கு வேறு வழிகளை உங்களுக்கு மேலே சொல்லிவிட்டார்கள்.

நெற்றிப் பொரிகளை நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல இயலும். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இரண்டும் கவனிக்கத்தக்கவை. பருவில் வெண்புள்ளி, கரும்புள்ளி, சிவந்த கட்டி என்று பல அளவுகள் கலந்து கிடக்கும். அரிப்பு பெரிதாக இராது. ஒரே அளவில் அரிப்போடு வரும் பொரிகளுக்கு மலசீசியா என்னும் பூஞ்சை மயிர்க்கால்களில் பெருகுவது காரணமாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை எதிர்ப்பு மருந்து தேவை. நுண்ணுயிர்க்கொல்லி பூசினால் அது மேலும் பெருகக்கூடும். கிளிண்டமைசின் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். தலைக்குத் தடவும் எண்ணெயோ கெட்டியான ஹேர் க்ரீமோ நெற்றியில் வழிந்து துளைகளை அடைப்பதும் இன்னொரு காரணமாக இருக்கலாம் என்பதால், சில வாரங்கள் அவற்றை நெற்றி ஓரத்தில் படாமல் தவிர்த்துப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் இந்தப் பொரிகளைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள்.

மாதவிலக்கை ஒட்டிப் பரு கூடுவது பல பெண்களுக்கு இயல்பு. ஆனால் மாதவிலக்கு ஒழுங்கின்றி வருதல், தாடையிலோ மேலுதட்டிலோ முடி தடித்து வளர்தல், உச்சந்தலையில் முடி குறைதல் இவையும் சேர்ந்திருந்தால் ஜெல்லோடு நில்லாமல் ஹார்மோன் சோதனை செய்ய வேண்டியிருக்கும். இதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் அக்காவும், தாடைப் பரு என்பதால், இதைத் தம் மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஆழத்தில் வலிக்கும் கட்டிகளோ, ஆறிய இடத்தில் குழிகளோ தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. கருமை காலப்போக்கில் மங்கும். குழி தானாக நிரம்பாது.

வேறு மருந்துகள் எடுக்கிறீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பருவுக்கென்று டாக்சிசைக்ளின் மாத்திரை சேர்க்கப்பட்டால், அதுவும் வெயிலுக்குத் தோலைக் கூசச் செய்யும். சன்ஸ்கிரீனில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பிற்காலத்தில், கடும் பருவுக்குத் தரும் ரெட்டினாய்டு வகையான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தொடங்க நேர்ந்தால் அடப்பலீன் ஜெல்லைத் தொடரலாமா என்று கேளுங்கள், இரண்டும் சேர்ந்தால் வறட்சி தாங்க முடியாததாகிவிடும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா போன்றவற்றை இந்த ஜெல்களோடு ஒருநாளும் சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் நெடுநாள் நீங்காத கருமையும் வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

பெராக்சைடு ஜெல்லை வெப்பத்தில் வைக்கக் கூடாது என்பதைப் பலர் அறிவதில்லை. சூடேறினால் அது சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் என்னும் வேதிப்பொருள் உண்டாகலாம். சோதனையில் பென்சீன் அளவு மிகுந்திருந்த சில தயாரிப்புகள் 2025-இல் அமெரிக்காவில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வாகனத்துக்குள்ளும் சன்னலோரத்திலும் வைக்காமல் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். உறையில் உள்ள நாள் கடந்துவிட்டால் மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

இன்னொரு நினைவூட்டல், நீங்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கானது. முகம் தெளிந்ததும் அடப்பலீனை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் பரு திரும்பிவிடும், ஏனென்றால் மயிர்க்கால் அடைபடும் தன்மை மாறிவிடுவதில்லை. பராமரிப்புக்காக வாரத்தில் சில இரவுகள் தொடர்வது வழக்கம். எத்தனை இரவு, எவ்வளவு காலம் என்பதை மூன்றாம் மாதச் சந்திப்பில் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். கருத்தரிக்கும் எண்ணம் வரும்போது முன்கூட்டியே அவரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.